அத்தை தைத்த உறை

முதல் தடவை அது அணைந்தபோது நான் தலையைத் தூக்கி மின்விசிறியைத்தான் பார்த்தேன். விசிறி ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரும் பாடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கரண்ட் போகவில்லை. என் மடியில் இருந்த லேப்டாப் மட்டும் இருட்டாகிக் கிடந்தது. காலையிலிருந்து செய்த வேலையில் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தினேன், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினேன். ஒன்றுமே நடக்காததுபோல வந்து நின்றது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாரும் லேப்டாப்பைப் பார்த்ததில்லை. நானே அதற்கு முன்னால் தொட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் எனக்குப் புரோகிராம் எழுதும் வேலை. தொழிற்சாலை ஸ்டோர்களில் என்ன சரக்கு வந்தது, என்ன போனது என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராம்கள். நான் கருவுற்று ஆறாம் மாதம் தொடங்கியதும் ரத்த அழுத்தம் கூடிவிட்டது. ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், ரொம்ப நேரம் நிற்கவும் வேண்டாம், வீட்டிலேயே இரு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனியில் எண்ணி நான்கு பேர். சிங்கப்பூரிலிருந்து வந்த தன் தம்பி, பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டுப் போன லேப்டாப்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“பூந்தமல்லி பார்ட்டிக்கான புரோகிராமை வீட்டிலிருந்தே முடிச்சுக் கொடும்மா. முடிச்சுட்டா, குழந்தை பிறந்து நீ வர்ற வரைக்கும் உன் சீட்டு அப்படியே இருக்கும். முடியலைன்னா நான் வேற ஆள் போட்டுத்தான் ஆகணும். தப்பா நினைச்சுக்காதே.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தச் சீட்டு எனக்கு வேண்டும். ஜன்னலோரம், கீழே லேத் கத்தும் சத்தம் மேலே வரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் நானாக இருப்பதுபோல் இருக்கும். அதை விடுவதென்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓய்வு பெற்றதும் அம்மாவும் அவரும் ஊருக்கே போய்விட்டார்கள். கணவர் வீடு ஏரியை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சொந்த வீடு. குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான், பேச்சு மட்டும் வேறு. கணவர் ஆவடி மார்க்கெட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். மாமனார் இல்லை. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் டெய்லர். சட்டை பேண்ட் இல்லை, பனிமலையில் காவல் நிற்பவர்களுக்கான கோட்டு. உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த, உடம்புச் சூட்டை வெளியே விடாத கனத்த கோட்டு. ஆவடி வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு தினமும் அதைத் தைத்துவிட்டு வருவார்.

அத்தை அதிகம் பேசமாட்டார். பேசினாலும் அது கேள்வியா, கண்டிப்பா, கிண்டலா என்று எனக்குப் பிடிபடாது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் அந்த முகத்தைப் படிக்க எனக்கு வரவில்லை. வீட்டில் மேஜை என்று சொல்ல இருந்தது அவருடைய கால்மிதி தையல் மிஷின் ஒன்றுதான். சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்து அதில் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைப்பார். அதன் மேல் யாரும் ஒரு டம்ளர்கூட வைக்கக் கூடாது. என் கணவர் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

லேப்டாப் என்றால் மடியில் வைத்துக்கொள்வது என்று முதலாளி சொல்லியிருந்ததால் நானும் கட்டிலில் சாய்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் அத்தை வந்து அதன் அடியில் கையை விட்டுப் பார்த்தார். விருட்டென்று எடுத்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது, இந்தச் சூடு சுடுது? வயித்துல புள்ளய வச்சிகினு இத்தப் போயி மடியில வச்சிகிற?”

“மிஷின்னா கொஞ்சம் சூடாகத்தான் செய்யும் அத்தை.”

“மிஷின் சூடாவட்டும். புள்ள இன்னாத்துக்கு சூடாவணும்?”

அவ்வளவுதான், மூட்டை கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இஞ்ச் டேப்பை எடுத்துவந்து லேப்டாப்புக்கு அளவெடுத்தார். நீளம், அகலம், கனம், மூடியைத் திறந்தால் எவ்வளவு, ஒயர் வரும் இடம் எது, எல்லாம்.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உறை தயார். மார்க்கெட்டில் பஞ்சு வாங்கி, நீலநிறக் கெட்டித் துணியில் கட்டம் கட்டமாகத் தைத்த உறை. பனிக்கோட்டுக்குப் போடுகிற அதே தையல். அடிப்பக்கமும் சுற்றுப்பக்கமும் மூடி, விசைகளும் திரையும் மட்டும் வெளியே தெரியும். ஒயர் நுழைய ஒரு சின்ன ஓட்டை, அதற்குக் காஜா தையல். ஓரத்தில் எலாஸ்டிக். சட்டை போட்டுவிட்ட குழந்தை மாதிரி இருந்தது. மடியில் வைத்தால் சூடு துளியும் தெரியவில்லை. இப்படியும் ஒரு மாமியாரா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதன்பிறகுதான் அது அணைய ஆரம்பித்தது.

இப்போது இதைக் கேட்பவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் வேலை செய்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஏ.சி. அறையில், மேஜை மேல் நிம்மதியாக இருந்தவை. சூடு தாங்காமல் ஒரு கம்ப்யூட்டர் தானாகவே கண்ணை மூடிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கணவருக்கு உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான், வோல்டேஜ். பால் திரிந்தால்கூட வோல்டேஜ் என்பார்.

“ஏரிக்கரை லைன்ல மத்தியானத்துல வோல்டேஜே கெடையாது. ஒரு ஸ்டெபிலைசர் மாட்டுனா போதும், அதுபாட்டுக்கு ஓடும் பாரு.”

மாட்டினார். பெட்டி அளவுக்கு ஒரு ஸ்டெபிலைசர், பச்சை விளக்கெல்லாம் எரிந்தது. லேப்டாப் அணைந்தது. வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தார், அணைந்தது. சமையலறைப் பிளக்கிலிருந்து நீள ஒயர் இழுத்துவந்தார், அதிலும் அணைந்தது.

முதலாளிக்குத் தெரிந்த காரணம் வைரஸ். எடுத்துவரச் சொன்னார். கணவர் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனார். முதலாளி உறையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, காலையில் போட்ட லேப்டாப்பைச் சாயங்காலம் வரை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒருதடவைகூட அணையவில்லை.

“மிஷின்ல ஒரு கோளாறும் இல்லையேம்மா,” என்று பக்கத்துக் கடை போனில் கூப்பிட்டுச் சொன்னார். குரலில் லேசாகச் சந்தேகம் இருந்தது. “அடுத்த வாரம் முடியறதுக்குள்ள பார்ட்டி பார்க்க வர்றாங்க. உன்னால முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லிடு.”

முடியும் என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்கு லேப்டாப் வீடு திரும்பியது, மறுநாள் அத்தை மறக்காமல் உறையைப் போட்டுவிட்டார், வேலையைத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அணைந்தது.

அம்பத்தூரில் ஓடுகிறது, பருத்திப்பட்டில் ஓடவில்லை. அங்கே முதலாளி வெறுமனே ஓடவிட்டார், இங்கே நான் வேலை செய்கிறேன். அப்படியானால் கோளாறு என் புரோகிராமில்தானோ? எங்கோ நான் எழுதிய ஏதோ ஒரு வரி மிஷினைப் போட்டுக் கொல்கிறதோ? ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பகுதிகளையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். திரும்ப எழுதியதில்தான் நிஜமான தப்புகள் வந்து சேர்ந்தன. மண்டை காய்ந்துபோயிற்று. எது என் தப்பு, எது மிஷின் தப்பு என்று பிரித்துப் பார்க்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் அத்தை வேறு. தினமும் சாயங்காலம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

“ஓடுதா?”

“நடுவுல நின்னுடுச்சு அத்தை.”

ம் என்பார். அவ்வளவுதான். அந்த ம்முக்கு எனக்கு அர்த்தமே தெரியவில்லை. நின்றால் நல்லது, வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார் என்கிறாரா? இத்தனை அக்கறையாக உறை தைத்தவர் அப்படி நினைப்பாரா? ஆனால் ஏன் தினமும், சோற்றுக்கு உலை வைத்தாயா என்பதைக்கூடக் கேட்காமல், இதையே கேட்கிறார்? பரீட்சையில் பெயிலான பிள்ளையிடம் தினமும் மார்க் கேட்பதுபோல் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் உறையின் அடியில் தொட்டுப் பார்த்து, “லேசா கதகதன்னு கீதே,” என்றார். அன்றே இன்னொரு சுற்றுப் பஞ்சு வைத்துத் தைத்தார். அதன்பின் லேப்டாப் இன்னும் சீக்கிரமாக அணைந்தது. நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்யச் செய்ய அது மோசமாகிக்கொண்டே போவது எனக்கு விளங்கவே இல்லை.

கடைசியாகக் கணவர் எர்த்தில் கை வைத்தார். வீட்டுக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, செம்புக் கம்பியை இறக்கி, வீட்டுக்கே புதிதாக எர்த் போட்டார். அதே நாள் காலையில் நான் ரசத்தை உறைமேல் கவிழ்த்துவிட்டேன். நல்லவேளை, மிஷினுக்குள் போகவில்லை. அத்தை உறையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, “இது காயற வரிக்கும் மடியில வைக்காத,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே வேலை செய்தேன். கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆனால் அது அணையவில்லை. மத்தியானம் தாண்டியது, அணையவில்லை. சாயங்காலம் ஆயிற்று, அணையவில்லை.

கணவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பள்ளத்தைக் காட்டினார்.

“எல்லாம் எர்த்து மச்சான், எர்த்து. ஊட்டுக்கு எர்த்து சரியில்லன்னா எந்த மிஷினும் நிக்காது.”

நானும் நம்பினேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் உறை காய்ந்திருந்தது. வீங்கின காலைப் பார்த்து அத்தை முகத்தைச் சுளித்து, “நின்னுகினு இன்னா வேல?” என்று என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, உறையைப் போட்டு மடியில் வைத்துவிட்டுப் போனார். கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது லேப்டாப் அணைந்து கிடந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. “வெயில்ல பள்ளம் காஞ்சிப்போச்சு, அதான்,” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அவர் பள்ளத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒயரை உருவலாம் என்று உறைக்குள் விரலை விட்டேன்.

சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டேன். உறையின் வெளிப்பக்கம் சில்லென்றுதான் இருந்தது. உள்ளே தோசைக்கல்.

முதலாளி உறையைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினார். அரிசி டிரம்மின் மேல் இருந்தபோதும் உறை இல்லை. அத்தை பஞ்சைக் கூட்டியபோது சீக்கிரமாக அணைந்தது. ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிழை புரோகிராமில் இல்லை, கரண்டில் இல்லை, மண்ணுக்குள்ளும் இல்லை. பனிமலைக்கான கோட்டைப் போட்டுக்கொண்டு ஆவடி வெயிலில் உட்கார்ந்திருக்கிறது, மயங்கி விழாமல் என்ன செய்யும்?

ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. உறையைக் கழற்றினால் சூடு என் வயிற்றுக்கு வரும். அத்தை விடமாட்டார், எனக்கும் பயம்தான். நின்றுகொண்டு செய்ய உடம்பு விடாது. தரையில் வைத்துக் குனிய வயிறு விடாது. உறையைப் போட்டால் வேலை போகும். ஆக, என்னதான் செய்வது? போதாததற்கு அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது? அலுத்துக் களைத்து வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எனக்காகத் தைத்தது. அதுதான் என் வேலைக்கு எமன் என்று எந்த வாயால் சொல்வது? சாயங்காலம்வரை உட்கார்ந்து வார்த்தை தேடினேன்.

செருப்புச் சத்தம் கேட்டது.

“ஓடுதா?”

தேடி வைத்த அரைகுறை வார்த்தையும் போய்விட்டது. ஓவென்று அழுதுவிட்டேன்.

“ஓடலை அத்தை. இந்த உறைதான் காரணம். சூடு வெளியே போக வழி இல்லாம நின்னு போகுது. கழட்டினா ஓடும், ஆனா வயித்துல சுடும். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை.”

அத்தை பையைக் கீழே வைத்தார். லேப்டாப்பைப் போடச் சொன்னார். அது முக்கி முனகி வந்து கொஞ்ச நேரம் ஓடியதும், உறைக்குள் கையை விட்டார். நான் விட்டதைவிட அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு வெளிப்பக்கம் தடவிப் பார்த்தார்.

“கோட்டு ஒழுங்காத்தான் தச்சிகீறேன்,” என்றார். “ஒரு சொட்டு சூடு வெளிய வரல.”

அது பெருமையா, வருத்தமா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கையை உதறிக்கொண்டார்.

“இன்னும் எவ்ளோ வேல பாக்கி கீது?”

“நிக்காம ஓடினா ஒரு வாரத்துல முடிச்சிடுவேன் அத்தை.”

இப்போது சொல்லப்போகிறார், விட்டுத் தள்ளு, உடம்பைப் பார் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை எழுந்து தையல் மிஷினிடம் போனார். அதில் பாதி தைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்து மடித்தார். பெல்ட்டைக் கழற்றினார். மிஷினைச் சாய்த்துப் பலகைக்கு அடியில் இறக்கினார். வழக்கமாக அதன் மேல் மூடும் சின்னப் பலகையை மூடாமல் விட்டார். நடுவில் நீளமாக ஒரு திறப்பு. லேப்டாப்பின் உறையை உரித்துப் போட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்து அந்தத் திறப்பின் மேல் வைத்தார். அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

“சூடு கீய எறங்கி இப்டியே போயிடும். உன் வயித்துக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம் கீது பாரு.”

அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். டம்ளர் வைக்கக்கூட விடாத மிஷின் அது.

“உங்க தையல் அத்தை? ஜாக்கெட் எல்லாம் கொடுக்கணுமே?”

“கையில ஹெம்மிங் போடறது கெடக்குது, அத்த மொதல்ல முடிக்கறேன். மீதி அடுத்த வாரம் வாங்கிக்கட்டும்.” மடித்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் சொன்ன அளவுக்கு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “உன் புருசன வயித்துல வச்சிகினு எஸ்டேட்ல துணிக் கம்பெனி வேலைய வுட்டேன். பெத்துட்டு வா, எடம் இருக்கும்னாங்க. பெத்துட்டுப் போனா, என் மிஷின்ல வேற ஒருத்தி குந்திகினு கீறா. அப்பால ஒரு கம்பெனி மிஷின்ல நான் குந்தறதுக்குள்ள இவனுக்கு மீச மொளச்சிப்போச்சு.”

சாயங்காலமும் பள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொல்லையிலிருந்து குடத்தோடு வந்த கணவர் ஒன்றும் புரியாமல் வாசற்படியில் நின்றார்.

“நீ குந்து,” என்றார் அத்தை.

உட்கார்ந்தேன். பெல்ட் கழற்றிய கால்மிதியின் மேல் என் வீங்கின பாதங்கள் இரண்டும் சரியாகப் பொருந்தின. உறையைப் பிரித்து அந்தப் பஞ்சை ஒரு தலையணையாக்கி என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அந்த வாரம் முழுக்க லேப்டாப் அணையவே இல்லை. பூந்தமல்லிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், திருப்தியாகப் போனார்கள். குழந்தை பிறந்து சில மாதங்களில், லேத் கத்தும் அந்த ஜன்னலோர நாற்காலிக்கே திரும்பிப் போனேன். கணவர் இன்றைக்கும் எல்லாம் எர்த் போட்டதால்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் அத்தையும் மறுத்துப் பேசுவதில்லை.

அந்த முதல் சாயங்காலம்தான் எனக்கு மறக்கவில்லை. நான் மிஷின் முன்னால் நாற்காலியில். அத்தை என் காலடியில், தரையில் சுவரில் சாய்ந்து, யாருடைய ஜாக்கெட்டுக்கோ கையால் ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகும் ஓடியது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடியது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ஓடுதா?”

“ஓடுது அத்தை,” என்றேன்.

ம் என்றார்.